ஓவர்கிளாக்கிங் – மேல்காலம்

செங்கோட்டையில் என் கணினிக் கடைக்கு, கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் வருவார். ஒருநாள் அவர் கேட்டார்: “அண்ணாச்சி, ஓவர்கிளாக் பண்ணுனா கீழ ஓரத்துல ஓடுற மணியும் முன்னால போயிருமா?”

போகாது. ஆனால் கேள்வியில் தப்பே இல்லை. ‘கிளாக்’ என்ற சொல் காதில் விழுந்தால் கடிகாரம்தானே நினைவுக்கு வரும்? கணினியில் நேரம் காட்டுவதற்குத் தனியாக ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று, அதாவது ஒரு நொடி. கணினியை அணைத்தாலும் மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓவர்கிளாக் செய்யும்போது நாம் அதைத் தொடுவதில்லை. கணினியின் மூளையான பிராசசருக்கு ‘இப்போது, இப்போது’ என்று அடி எடுத்துக் கொடுக்கிற வேறொரு துடிப்பைத்தான், அது வேகமாக வேலை செய்யட்டும் என்று கூட்டுகிறோம். அதற்கும் ஆங்கிலத்தில் கிளாக் என்றே பெயர்.

அந்தப் பெயர் வந்த வழி சுவையானது. கிளாக் என்பது ‘குளோக்கா’ என்ற இடைக்கால லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. பொருள், மணி. ஜெர்மானியர் இன்றும் மணியை ‘குளோக்க’ என்கிறார்கள். நாமும் கோயிலில் அடிப்பதை மணி என்கிறோம், “மணி என்ன?” என்று நேரத்தையும் கேட்கிறோம். ஆக, கிளாக் என்ற சொல்லுக்குள் முதலில் இருப்பது ஓர் அடி, ஓர் ஒலி. நம் கடிகாரம் அப்படியில்லை. அது கடிகை என்ற சிறு குடத்திலிருந்து வந்த சொல். நீர் இறங்குவதை வைத்து 24 நிமிஷ நாழிகையை அளந்த பாத்திரம் அது. அதில் அளவு உண்டு, அடி இல்லை. அதனால்தான் ஓவர்கிளாக்கிங்கை ‘மிகைக்கடிகாரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எதுவும் விளங்குவதில்லை.

‘மிகை’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் மிகை என்றால் வேண்டாத கூடுதல், குற்றம் என்ற சாயல் உண்டு. இங்கே ‘ஓவர்’ என்பது தயாரித்தவர் பொறித்த எண்ணுக்கு மேல் என்பது மட்டுமே. தூசி அடைத்த பெட்டியிலும் காற்றில்லாத அறையிலும் ஓடியாக வேண்டும் என்று கணக்குப் போட்டு அவர்கள் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அந்த எண்ணைப் பொறிக்கிறார்கள். அந்த இடத்தைக் கவனமாக எடுத்துக்கொள்வது மிகை ஆகாது.

தொடக்கத்தில் இந்தச் சொல் அப்படியே செயலாகவே இருந்தது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினி 6 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 லட்சம் துடிப்பில், ஓடியது. பலர் அதில் பிராசசருக்குத் துடிப்பு தந்த படிகத்தையே கழற்றிவிட்டு வேகமானதை மாட்டினார்கள். 1998இல் இன்டெல் செலரான் 300ஏ என்ற பிராசசர் வந்தது. அடித்துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், அதன் நாலரை மடங்கு 300. அடித்துடிப்பை 100 ஆக்கினால் அதே நாலரை மடங்கில் 450 கிடைத்தது. இன்று அடித்துடிப்பு பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். அதை அப்படியே விட்டுவிட்டு, எத்தனை மடங்கு என்ற எண்ணை, அதாவது மல்டிப்ளையரை மட்டும் கூட்டுகிறோம். 42 என்றால் 4,200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.2 கிகாஹெர்ட்ஸ், 44 என்றால் 4.4. இன்டெல் பிராசசர்களில் பெயருக்குப் பின்னால் ‘கே’ எழுத்து உள்ளவற்றிலும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களில் பெரும்பாலானவற்றிலும் இதை மாற்ற வழி திறந்திருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லைத் தேடி அகராதிக்குப் போக வேண்டியதில்லை. தவில் வாசிக்கிறவர்களிடம் இருக்கிறது: மேல்காலம்.

கச்சேரியில் முதல் காலத்தில் பாடியதை அப்புறம் இரண்டாம் காலத்தில் பாடுவார்கள். தாளம் போடும் கை வேகமாவதில்லை. அதே ஓர் அடிக்குள் இரண்டு மடங்கு சுரம் விழும். மல்டிப்ளையரைக் கூட்டுவது இதேதான்: அடித்துடிப்பு 100 நிற்கிறது, அதற்குள் 42 அடி விழுந்த இடத்தில் 44 விழுகிறது. செலரான் நாட்களில் செய்தது தாளத்தையே விரட்டுவது. அப்படி விரட்டினால் அதோடு கட்டிய மற்ற பாகங்களும் சேர்ந்து ஓடியாக வேண்டும், எது தடுமாறியது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். புளியரை தாண்டினால் கேரளம், அங்கே செண்டைக்காரர்களுக்கும் காலம் என்றால் இதே பொருள்தான். அவர்கள் வாசிக்கும் பஞ்சாரி மேளம் ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கி, காலத்துக்குக் காலம் பாதியாகி, ஐந்தாம் காலத்தில் 6 அட்சரத்துக்கு வந்து நிற்கும். எல்லையின் இரண்டு பக்கத்திலும் புரிகிற சொல் இது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மேல்காலம் என்று சொன்னதுமே கேட்கிறவர் மனத்தில் அடுத்த கேள்வி எழும்: காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம், தடுமாறாமல் நிற்கிறதா? எந்த வேகத்திலும் சொற்கட்டு (வாசிப்பின் ஒலிக்கோவை) தெளிவாக விழ வேண்டும், ஒன்று கூட மழுங்கக் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஸ்டேபிள்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதை நம் சொல் தன்னோடே கூட்டி வருகிறது.

காலத்தை ஏற்றினால் கைக்கு வலு வேண்டும், அதுதான் வோல்டேஜ். ஆனால் அதற்கு விலை அதிகம். பிராசசர் சில்லின் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டி, அதற்காக 1.20 வோல்டை 1.32 ஆக்கினால், சூடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால் மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற சோதனையை ஓடவிட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். தடுமாறினால் வோல்டேஜைத் துளியாகக் கூட்டலாம். அதற்கும் சூடு எகிறினால் ஒரு படி இறங்கிவிட வேண்டும். பிராசசரையும், அது வேலை பார்க்கும்போது தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகமான ராமையும் ஒரே நாளில் தொடவே கூடாது.

ராம் தனிக் கதை. டிடிஆர்4 வகை ராம் குச்சியில் 3200 என்று போட்டிருந்தால் உண்மைத் துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். துடிப்பு ஏறும்போது ஒரு தரவு, இறங்கும்போது ஒரு தரவு. தட்டுக்கு ஒன்று, வீச்சுக்கு ஒன்று. சிஎல்16 என்றால் கேட்ட தரவுக்குப் பதினாறு துடிப்புக் காத்திருப்பு, கணக்கில் 10 நானோ நொடி. 3600 சிஎல்18 வாங்கினாலும் அதே 10 நானோ நொடிதான் காத்திருப்பு, தரவு பாயும் வேகம் மட்டும் கூடும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ராமைக் குச்சியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியைத் தட்டிவிடுவதும் மேல்காலமே. டிடிஆர்4இன் தரநிலையான 1.2 வோல்ட் அப்போது பெரும்பாலும் 1.35 ஆகிவிடுகிறது.

பிராசசர் தடுமாறினால் புளூ ஸ்கிரீன் வந்து சொல்லிவிடும். ராம் பல நேரம் சொல்லாமலே இருந்துவிடும். ஆல்பம் தம்பியின் கணினியை ஆடி மாசத்தில் நான்தான் ராமை 3600இல் வைத்துக் கொடுத்தேன். கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கிக்கொண்டிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு பிழை கூட இல்லை. அடுத்த சித்திரையில், முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்த நேரத்தில், தம்பி பதறிக்கொண்டு வந்தார். தாலி கட்டும் படம் ஒன்றில் மாப்பிள்ளையின் கைக்குக் கீழே பாதி சாம்பல் பட்டையாகிக் கிடந்தது. கேமரா கார்டில் மூலப்படம் இருந்ததால் தப்பித்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு, அந்த வெக்கையில், மெம்டெஸ்டை மறுபடி ஓடவிட்டேன். அரைமணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் வந்துவிட்டன. அன்றே 3200க்கு இறக்கினேன். தவறு என்னுடையது. சாரலில் சோதித்ததை வருஷம் முழுக்கத் தாங்கும் என்று நம்பிக் கொடுத்திருக்கக் கூடாது.

மேல்காலம் இருந்தால் கீழ்காலமும் உண்டு. சத்தமும் சூடும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு அண்டர்கிளாக்கிங்கை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். கிளாக் ஸ்பீடு என்பதைத் துடிப்பு வேகம் என்றும், ஓவர்கிளாக் செய்வதை மேல்காலம் ஏற்றுவது என்றும் எழுதினால் போதும், வினையாகவும் நன்றாக நடக்கிறது. இப்போது நான் வேலை முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியின் பக்கத் தகட்டுக்கு உள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். தம்பியின் கணினியில் உள்ள சீட்டில் இப்படி இருக்கிறது: “மேல்காலம் 44, 1.25 வோல்ட். ராம் 3200. சோதித்தது சித்திரை, மத்தியானம், ஜன்னல் மூடி.”