மருத்துவச் சீட்டு கொடுத்து லீவு எடுத்தவர் பின்னால் கேமரா

ஜெர்மனியில் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் ஆள் விவகாரமும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கிடங்கு நடத்தும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். “முதுகுவலி என்று மூன்றாவது வாரமாக லீவு, தம்பி. நேற்று சூப்பர் மார்க்கெட் வாசலில் பையோடு நிற்கிறான். டிடெக்டிவ் ஒருவரிடம் பேசிவிட்டேன்.”

முன்பணம் கொடுத்தாச்சா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லையாம். நல்லது.

மருத்துவர் எழுதிக் கொடுப்பது ‘வேலை செய்ய இயலாது’ என்று; கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று அல்ல. முதுகுவலிக்காரரை நடக்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள். அதே ஆள் வேறு இடத்தில் மூட்டை தூக்கிச் சம்பளம் வாங்கினால் கதை வேறு. அது நிரூபணமானால் வேலை போகலாம். உறுதியான சந்தேகத்தின் பேரில் டிடெக்டிவை வைத்திருந்தால் அந்தச் செலவையும் அவரிடமே கேட்கலாம்.

ஒரு வழக்கைச் சொன்னேன். 2011 டிசம்பர் கடைசியில் ஒரு பெண் செயலாளர் மூச்சுக்குழாய்த் தொல்லை என்று விடுப்பு எடுத்தார். பிறகு முதுகெலும்பு வட்டு விலகல். அடுத்தடுத்து ஆறு சீட்டுகள், இரண்டு மருத்துவர்கள். முதலாளி நம்பவில்லை. பிப்ரவரியில் நான்கு நாட்கள் டிடெக்டிவ் பின்தொடர்ந்தார். கேமராவில் சிக்கியது என்ன? வீட்டு முன்னால் கணவரோடும் நாயோடும் நின்றது, துணி துவைக்கும் கடைக்குப் போனது. 2015இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 1,000 யூரோ இழப்பீட்டை உறுதி செய்தது. மருத்துவர் மாறுவதும் நோய் மாறுவதும் சீட்டைப் பொய்யாக்கிவிடாது என்றது. அவர் கேட்டது 10,500, தொகை சின்னதுதான். ஆனால் டிடெக்டிவ் கட்டணம், வக்கீல், வருடக்கணக்கில் அலைச்சல் எல்லாம் தனி.

2024 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு, டிடெக்டிவ் பின்தொடர்ந்த ஊழியருக்கு 1,500 யூரோ. ஒருவர் எப்படிக் காலை இழுத்து நடக்கிறார் என்று எழுதி வைத்தாலே அது உடல்நலத் தகவல். தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்த ஊழியரை அவர் வீட்டுத் திறந்த முற்றத்திலும் கவனித்திருக்கிறார்கள். இது எனக்கு அசிங்கமாகவே படுகிறது.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? முதல் ஆறு வாரச் சம்பளம் முதலாளி கையிலிருந்து போகிறது, எரிச்சல் புரிகிறது. ஊழியர் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், காரணத்தைச் சொல்லி அவருடைய கிராங்கன்காசேக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கு, எழுதலாம். அவர்கள் தனி மருத்துவ அமைப்பு ஒன்றின் கருத்தைக் கேட்கலாம். முதலாளிக்கு நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வேலை செய்ய முடியுமா முடியாதா என்பது தெரிந்துவிடும். இதற்குச் செலவு தபால்தலை அளவுதான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கடிதத்தை நீங்களே எழுதித் தாங்க தம்பி” என்றார். பையைப் பற்றி அதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை.