ஒன்பது டிஸ்சார்ஜ் சீட்டு

பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்த ஒன்பது டிஸ்சார்ஜ் சீட்டுகளை அந்த அம்மா மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். மகளுக்கு 23 வயது. ஓசூரில் கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம். மூன்று வருஷத்தில் ஒன்பது தடவை உயிரை விடப் பார்த்து, வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் பிழைத்து வந்தவள். ரத்தப் பரிசோதனை, ஏற்றிய மருந்து எல்லாம் சீட்டில் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியும் ஒன்பதிலும் ஒன்றேதான்: "மனநல ஆலோசனை பெறவும்." எங்கே, யாரிடம், என்றைக்கு என்பது ஒன்றில்கூட இல்லை.

"நல்லா இருக்கப்ப தங்கம் சார். கோவம் வந்துட்டா இது நம்ம புள்ளதானான்னு இருக்கும்," என்றார். மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் பல பேரின் கதையைக் கலந்துதான் எழுதுகிறேன். அந்தக் கடைசி வரி மட்டும் எல்லார் பையிலும் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் அலைகிற மனநல சமூகப் பணியாளர் நான். ஆளுமைக் கோளாறு, அதிலும் 'பார்டர்லைன்' வகை, பதிவேட்டில் அபூர்வமாகத்தான் ஏறுகிறது. அதற்காக ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் அதற்குப் பெயர் திமிர், போலீஸில் குடும்பத் தகராறு, கேஷுவாலிட்டியில் நடிப்பு. நெருங்கினவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற தீராத பயம், காலையில் ஒன்று மாலையில் ஒன்றாக மாறும் மனசு, உள்ளுக்குள் ஒரு வெறுமை, தாங்க முடியாதபோது தன்னையே காயப்படுத்திக்கொள்வது. கோளாறின் உருவமே இதுதான். நடிப்பு என்று சொல்கிற நர்ஸைக் கோபித்தும் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அதே முகத்தை நாலாவது முறை பார்க்கிறவருக்கு, காயத்தைக் கட்டிய பிறகு என்ன செய்வதென்று நாம் சொல்லித்தரவே இல்லையே.

கோளாறு சேவையின் வடிவத்திலும் இருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது, மாவட்ட மனநலத் திட்டம் 1996இல். கடும் மனநோய்க்கு ஊருக்குப் பக்கத்திலேயே மாத்திரை கிடைக்க வேண்டும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. அரூர், பென்னாகரம் என்று அரசு ஆஸ்பத்திரிகளுக்கு முகாம் நாளில் போவோம், மாத்திரை கொடுப்போம், எண்ணிக்கை எழுதுவோம். பார்டர்லைனுக்கென்று அப்படிக் கொடுக்க மாத்திரை கிடையாது. இங்கிலாந்தின் 2009 வழிகாட்டுதல், அதற்காக மட்டும் மருந்து எழுதாதீர்கள் என்றே சொல்கிறது. பேச்சுதான் சிகிச்சை. பேச்சைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இங்கிலாந்திலும் ஒரு காலம்வரை 'இது எங்கள் கேஸ் இல்லை' என்று தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த நோய்ப்பெயரைச் சொல்லி யாரையும் இனி ஒதுக்கக் கூடாது என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2003இல் ஆவணமே போட வேண்டிவந்தது.

இங்கே ரிவ்யூ மீட்டிங்கில் இதைப் பற்றி வாயெடுத்தால் முதல் கேள்வி, "டிபிடி தெரிஞ்ச ஆள் இருக்காங்களா?" டிபிடி என்பது பார்டர்லைனுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய பேச்சுச் சிகிச்சை, நல்ல சிகிச்சைதான். வாராவாரம் தனிச் சந்திப்பு, தனியாக ஒரு குழு வகுப்பு, இடையில் போன் உதவி, இப்படி ஒரு வருஷம். சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்ணுக்கு வாரம் இரண்டு நாள் கூலி போகும். நல்லவேளையாக, அது ஒன்றுதான் வழி என்றில்லை. கனடாவின் டொரன்டோவில் 180 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரே மனநல மருத்துவரை வாரம் ஒருமுறை பார்த்துப் பேசும் பொதுவான சிகிச்சை முறையும், ஒரு வருஷ முடிவில் ஏறக்குறைய டிபிடி அளவுக்கே பலன் தந்திருந்தது. நமக்கு வேண்டியது ஸ்பெஷலிஸ்ட்டைவிட மாறாத ஓர் ஆள், மாறாத ஒரு கிழமை.

நான் தப்பாக நினைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே போகிற தன்னார்வலர் இதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினேன். சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பெருமையாகச் சொன்னபோது சிரித்துவிட்டாள். "அந்தக்கா எங்க தெரு சார். காலைல சொன்னா சாயங்காலம் பைப்படில பேச்சா இருக்கும்." அன்றோடு அந்த யோசனையை விட்டேன். இப்படிச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டத்துக்கே கூப்பிட்டிருந்தால் எனக்கு ஆறு மாசம் மிச்சம்.

14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். எல்லாருக்கும் அந்த எண்ணைக் கொடுக்கிறேன், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது சீட்டோடு வந்த அந்தப் பெண்ணின் குறை, "ஒவ்வொரு வாட்டியும் மொதல்லேர்ந்து சொல்லணும்." அதனால் ஒரு பக்கத் தாளை அவளோடு உட்கார்ந்தே எழுதினோம்: எது தூண்டும், எது தணிக்கும், யாரைக் கூப்பிடுவது, கேஷுவாலிட்டிக்கு வந்தால் எப்படிப் பேசினால் தாங்கும். "திட்டாதீங்க, தனியா விடாதீங்க" என்பது அவள் கையெழுத்து. ஒரு நகல் அவளிடம், ஒன்று அவள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில். செலவு, ஜெராக்ஸ் காசு.

இது யாரும் இரக்கப்பட்டுச் செய்கிற காரியமும் அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115: வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், மறுபடி நடக்காமலிருக்க சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. மறுவாழ்வு என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பார்டர்லைன் உள்ள 290 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறிகுறிகள் தணிந்தன. வேலை, உறவு என்று முழுதாகக் காலூன்றியவர்களோ பாதிப்பேர்தான். திட்டம் போடும்போது வேலைவாய்ப்புத் துறை மேசையில் இல்லையென்றால் அந்த மீதிப்பேர் விட்டுப்போவார்கள்.

அந்தப் பெண் இப்போது வியாழன்தோறும் எங்கள் உளவியலாளரைப் பார்க்கிறாள். உளவியலாளரின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமே நோயாக உள்ளவளிடம் அதைக் கடைசி வாரம் சொல்ல முடியாது. அடுத்து வருகிறவர் யார் என்று எனக்கு ஜனவரியிலேயே தெரிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.