பாட்டு கெடவில்லை, டெக்குக்குத்தான் படிக்கத் தெரியவில்லை

“அண்ணே, நீங்க குடுத்த ஸ்டிக்கு கெட்டுப்போச்சு.”

மாதத்தில் நாலைந்து பேராவது இப்படிச் சொல்லிக்கொண்டு கடைக்குள் வருகிறார்கள். ரங்கூனில் பழைய கேசட்டுகளையும் ஸ்பூல் டேப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது என் பிழைப்பு, திருவிழாக் காலத்தில் கோயில்களுக்கு மைக் செட்டும் கட்டுவேன். வந்தவருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, அந்த யுஎஸ்பி ஸ்டிக்கை என் கம்ப்யூட்டரில் சொருகினால் பாட்டு கணீரென்று கேட்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “இங்க பாடுது, என் வண்டியில பாடலையே?” பாட்டு கெடவில்லை ஐயா, வண்டியில் இருக்கிற டெக்குக்கு அந்த ஃபைலைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு குடும்பம் தாத்தாவின் குரலையே பாதி இழந்துவிட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கேசட்டில் இருப்பதை நான் ஃபிளாக் என்ற வகையில்தான் வைத்துத் தருகிறேன். பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைக்கிறோம், எடுத்து விரித்தால் அதே சேலை, ஒரு நூல் குறையாது. ஃபிளாக் அந்த மாதிரி. எம்பி3 என்பது பெட்டி சின்னதாக இருக்கிறதே என்று சேலையைக் கத்தரித்து வைப்பது. கட்டிக்கொண்டு நடந்தால் தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் வெட்டினது வெட்டினதுதான். இடக் கணக்கைப் பார்த்தால், சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 1,76,400 பைட், ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 53 எம்பி. ஃபிளாக்கில் மடித்தால் பெரும்பாலும் 25லிருந்து 35 எம்பிக்குள் வந்துவிடும். 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 என்றால் 5 எம்பிகூட இல்லை. பாட்டு ஏற்றித் தருகிற கடைகள் ஏன் எம்பி3யை விடமாட்டேன் என்கின்றன என்பது இதிலேயே புரியும்.

ஃபிளாக் ஒன்றும் நேற்றுப் பிறந்த சமாச்சாரம் இல்லை. ஜோஷ் கோல்சன் என்பவர் 2000இல் ஆரம்பித்து, 2001இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 3.1இலிருந்து போன்களும், விண்டோஸ் 10இலிருந்து கம்ப்யூட்டர்களும் தாமாகவே அதைப் படிக்கின்றன. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2024 டிசம்பரில் அதை முறையான தரமாகவே எழுதிவைத்துவிட்டது. அப்படியானால் டெக் ஏன் முழிக்கிறது?

நம்மூர் டெக்குகளின் கதை தனி. ரங்கூன் தெருவில் ஓடும் கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடி முடித்து வந்த வண்டிகள்தான். 1970லேயே நாடு வலப்பக்கம் ஓட்ட மாறிவிட்டது, ஸ்டியரிங் மட்டும் இன்னும் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வண்டிகளோடு வந்த, வழிகாட்டும் திரை வைத்த நேவி டெக்குகளில் மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து, எந்தப் பட்டன் எதற்கு என்று டிரைவர்கள் இடம் பார்த்து மனப்பாடம் செய்திருப்பார்கள். என் கைக்கு வந்த பழைய டெக்குகள் பெரும்பாலும் எம்பி3, டபிள்யூஎம்ஏ, ஏஏசி இந்த மூன்றை மட்டும் படிப்பவை. ஃபிளாக் ஃபைலைப் பார்த்தால் சிலது “ஃபைல் இல்லை” என்று ஜப்பானிய மொழியில் சொல்லும், சிலது ஒன்றுமே சொல்லாமல் ரேடியோவுக்குப் போய்விடும். உடனே நம் ஆள் ஸ்டிக் கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டிவிடுவார்.

இன்னொரு குழப்பம், ஃபைல் பெயரின் வால். எம்4ஏ என்று முடிந்தால் உள்ளே இருப்பது வெட்டிய ஏஏசியாகவும் இருக்கலாம், ஆப்பிளின் அலாக் என்ற வெட்டாத வகையாகவும் இருக்கலாம். வெளியே ஒரே பெயர். அலாக் 2004இல் வந்தது, 2011இல்தான் ஆப்பிள் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆகவே ஐபோன்காரர் கொடுத்த எம்4ஏ ஒன்று டெக்கில் பாடி, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று பாடாமல் போனால் டெக்கைத் திட்ட வேண்டாம். டபிள்யூஎம்ஏயிலும் இதே கூத்துதான், அதில் 2003இல் வெட்டாத வகை ஒன்று வந்தது, டெக்கின் முகப்பில் டபிள்யூஎம்ஏ என்று அச்சடித்திருந்தாலும் அநேகமாக அதைத் தொடாது.

சரி, புது டெக் வாங்கி, பெட்டியிலேயே ஃபிளாக் என்று போட்டிருந்தும் பாடவில்லை என்றால்? இதுதான் எனக்கு அதிகம் வரும் கேஸ். முதலில் ஸ்டிக்கைப் பார்ப்பேன். பல டெக்குகளுக்கு ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த ஸ்டிக்தான் புரியும், 64 ஜிபி ஸ்டிக்குகளோ கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். ஃபேட்32வில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் மடிக்காத வேவ் ஃபைலாகப் பதிந்தால் இரண்டு மணி நேரம் கொஞ்சம் தாண்டியதுமே அந்த அளவு வந்துவிடும். ஒரு திருவிழா ராத்திரி முழுக்க உடுக்கைப் பாட்டைப் பதிந்துவிட்டு, காலையில் பார்த்தால் பதிவு நடுவில் நின்றிருந்த அனுபவம் எனக்கே உண்டு. வேவ் ஃபைலுக்கே அதே 4 ஜிபி எல்லை இருக்கிறது என்பதால் ஸ்டிக்கை மாற்றியும் பயனில்லை, இப்போதெல்லாம் மணிக்கு ஒரு ஃபைலாக வெட்டிப் பதிகிறேன்.

ஸ்டிக் சரி என்றால் அடுத்து பிட்டும் சாம்பிளும், அதாவது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக, நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிந்திருக்கிறது என்பது. 16 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக்கைப் பாடுகிற டெக், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸைக் கொடுத்தால் மௌனச்சாமியார் ஆகிவிடும். அட்டைக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தில் பொடி எழுத்தில் அந்த அளவு போட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்? அதுவும் சரி என்றால் படம். சிலர் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் மூவாயிரம் பிக்சல் அகலத்துக்கு முருகன் படத்தை ஒட்டிவைத்திருப்பார்கள், சின்ன டெக் அதைத் தின்ன முடியாமல் தொண்டையில் சிக்கி நின்றுவிடும். படத்தை 500 பிக்சலுக்குக் குறைத்ததும் பாட ஆரம்பித்த டெக்குகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒன்று, ஃபிளாக்குக்கு விவரம் எழுத வோர்பிஸ் கமென்ட் என்று தனி முறை உண்டு, ஆனால் சில இலவச ஆப்கள் எம்பி3க்கு எழுதுகிற ஐடி3 விவரத்தைக் கொண்டுபோய் ஃபைலின் தலையில் ஒட்டிவிடும். கதவைத் திறந்ததும் வேறு யாரோ நிற்கிற மாதிரி, டெக் உடனே சாத்திக்கொள்ளும்.

பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது தனிச் சங்கதி, ஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பான் டெக்கில் தமிழ் எழுத்துரு இருக்காது. பர்மியப் பாட்டுகளின் பெயர்களும் ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துருவில் எழுதியிருந்தால் புதுப் போனில் கந்தரகோலமாகத்தான் தெரியும். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது, நம் ஸ்டிக்குகள் மாறவில்லை. நான் ஃபைல் பெயரை எண்ணோடு ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தமிழை உள்ளே விவரத்தில் எழுதுகிறேன்.

போன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐபோனில் ஐஓஎஸ் 11இலிருந்து ஃபைல்ஸ் ஆப்பில் ஃபிளாக் பாடும், ஆனால் ஆப்பிளின் மியூசிக் ஆப் அதைச் சேர்த்துக்கொள்ளாது. விஎல்சி என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அலாக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிளாக்கை அலாக்காக்கி, திரும்ப ஃபிளாக்காக்கினாலும் ஒலியில் ஒரு பிட் மாறாது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மடித்த சேலையை மாற்றுவதுதான். ஆண்ட்ராய்டில் சிக்கல் குறைவு. புளூடூத்தில் கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும், புளூடூத்தில் ஒலியை அனுப்பும் முறைகளில் எல்டாக் நன்றாக ஓடினாலும் 990தான், சாதாரண எஸ்பிசி அதைவிட ரொம்பக் குறைவு. ஆகவே பெரும்பாலான ஹெட்செட்டுகளில் போனே அதை வெட்டித்தான் அனுப்புகிறது. ஃபிளாக்கைச் சேமித்துவைப்பதற்கும் எதில் கேட்கிறோம் என்பதற்கும் சம்பந்தமில்லை என்று நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னாலும் “காதுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே அண்ணே” என்பார்கள். தெரியாதுதான், யார் இல்லையென்றது?

இப்போது அந்தத் தாத்தா கதை. ரங்கூனிலேயே திங்கன்ஜூன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய தாத்தா கோயிலில் திருப்புகழ் பாடியதை யாரோ பதிந்த ஒரே கேசட். ரங்கூன் மழையில் எந்தக் கேசட் தப்பும், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அதைத் துடைத்து, உறையை மாற்றி, ஒரே ஓட்டத்தில் 24 பிட்டில் பதிந்து ஸ்டிக்கில் கொடுத்தேன். அவர்கள் வண்டியில் போட்டார்கள், பாடவில்லை. என்னிடம் வந்திருக்கலாம், ஆனால் வழியில் இருந்த ஒரு பாட்டுக் கடையில் கொடுத்தார்கள், அந்தப் பையன் அஞ்சே நிமிஷத்தில் 128 எம்பி3 ஆக்கி, இடம் அடைக்கிறதே என்று பெரிய ஃபைல்களை அழித்துவிட்டான். வண்டியில் தாத்தா பாடினார், எல்லோருக்கும் சந்தோஷம். கேசட்டைப் பத்திரமாக வைக்க இனி அவசியமில்லை என்று வீட்டை மாற்றும்போது தூக்கி எறிந்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து தாத்தா திவசத்துக்குப் பெரிய ஸ்பீக்கரில் போட வேண்டும், இரைச்சலை எடுத்துக் கொடுங்கள் என்று அதே தம்பி வந்தார். “ஃபிளாக்குதான் அண்ணே, கடையில மறுபடி மாத்தி வாங்கிட்டேன்.” பெயர் ஃபிளாக்தான், அளவும் பெரிதுதான். அலைவரிசைப் படத்தை ஸ்கிரீனில் விரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கேசட்டின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் மேலே போகப் போக மெல்லத் தேயும், பனி மூட்டம் மாதிரி. இதில் 16 கிலோஹெர்ட்ஸில் அருவாளால் சீவியது போல ஒரு கோடு, அதற்கு மேல் கரும்பட்டை. எம்பி3யை ஃபிளாக் ஆக்கினால் வருவது இதுதான், கத்தரித்த சேலையைப் பெரிய பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கேசட்டில் தாத்தா ஒன்றும் பாடிவிடவில்லை, அது போனதில் எனக்கும் வருத்தமில்லை. கீழே பாட்டுக்கு நடுவிலும் எம்பி3 அங்கங்கே கிள்ளி எடுத்திருக்கிறதே, அதில்தான் அடி. இரைச்சலை எடுக்கிற கருவிக்கு இரைச்சல் ஒரே சீராக இருக்க வேண்டும், இங்கே அது துண்டு துண்டாகக் கிடந்தது. கொஞ்சம் எடுத்தாலே குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குளுகுளுவென்று ஆனது. நான் பிரதிகளை மூன்று மாதம்தான் வைத்திருப்பேன், என்னிடமும் இல்லை. கடைசியில் இரைச்சலோடு அப்படியே போட்டார்கள்.

அதிலிருந்து பிரதிகளை ஒரு வருஷத்துக்கு வைத்திருக்கிறேன், அதோடு இரண்டு ஃபோல்டராகத்தான் கொடுக்கிறேன். ஒன்று ‘மூலம்’, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது, அவர்கள் 96ஐப் பரிந்துரைக்கிறார்கள், வீட்டுக் கேசட்டுக்கு 48 தாராளம் என்பது என் கருத்து. இன்னொன்று ‘வண்டி’, அவர் எதில் கேட்கப்போகிறார் என்று விசாரித்து, அந்த டெக்குக்கு ஏற்ற மாதிரி, பெரும்பாலும் 320 எம்பி3. மூலத்தை வேறு ஒரு டிரைவிலும் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். மலிவு ஸ்டிக்குகளில் 128 ஜிபி என்று அச்சடித்துவிட்டு உள்ளே 8 ஜிபிதான் இருக்கும் மோசடி இங்கே நிறைய, நிரம்பியதும் மேலே எழுதியது உண்மையிலேயே கெட்டுப்போகும். அதைக் கண்டுபிடிக்க ஃபிளாக்குக்குள்ளேயே வழி இருக்கிறது. மடிக்கும்போதே ஒலியின் எம்டி5 என்ற கைரேகை ஒன்றை உள்ளே எழுதிவைக்கும், ஃபிளாக் கட்டளையில் சோதனை போட்டாலோ ஃபூபார்2000 என்ற மென்பொருளில் சரிபார்த்தாலோ ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்லிவிடும். ஆகவே “கெட்டுப்போச்சு” என்று யாராவது வந்தால் இப்போது நான் வாதாடுவதில்லை, அவர் முன்னாலேயே சோதித்துக் காட்டுகிறேன்.

ஸ்டிக்கோடு தமிழிலும் பர்மியத்திலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டித் தருகிறேன்: ‘மூலத்தை அழிக்க வேண்டாம்’. போன வாரம் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு தடவை படித்துவிட்டு, “சரி தம்பி, எடம் பத்தலைன்னா எதை அழிக்கிறது?” என்றார். ‘வண்டி’யை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் ஐயா, திரும்ப வாங்க, அஞ்சு நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன் என்றேன்.