இருமினால் நனைகிறதா?

இடுப்பு வலி என்று வருவார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டுத் திரும்பி, "இன்னொண்ணு டாக்டரம்மா, இருமினா ஒண்ணுக்கு வந்துடுது" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான். எவ்வளவு நாளாக என்று கேட்டால், "சின்னவன் பொறந்ததிலேர்ந்து." சின்னவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான்.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை ஒரு தசைத் தொட்டில் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், அது இழுபட்டுத் தளரலாம். தீராத இருமல், மலச்சிக்கல், உடல் எடை, மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் எல்லாம் கூடச் சேர்ந்துகொள்ளும்.

கசிவுக்கு முதல் வைத்தியம் அந்தத் தசையை இறுக்கும் பயிற்சி. 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. யூடியூப் பார்த்துச் செய்தேன், பலனில்லை என்பவர்களிடம், "இறுக்கிக் காட்டுங்க" என்பேன். பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்குவார்கள். சிலர் தொடையை இறுக்குவார்கள். முக்கினால் தொட்டில் இன்னும்தான் தளரும். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அப்படி உள்ளே, மேலே இழுக்க வேண்டும். மூச்சு இயல்பாக ஓடட்டும். ஒரு தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது வேண்டாம். சரியாகச் செய்கிறீர்களா என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ ஒருமுறை கையால் பரிசோதித்துச் சொல்வது நல்லது.

அவசரமாக வந்து கழிவறை போவதற்குள் நனைவது வேறு கதை. அதற்குச் சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டும், காப்பியைக் குறைக்க வேண்டும், சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது மட்டும் கூடாது.

அடி இறங்கினால், அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்தால், "கர்ப்பப்பையை எடுத்துடுங்க" என்றே பலர் வருகிறார்கள். தளர்ந்தது தொட்டில். பையை மட்டும் எடுத்துவிட்டுத் தாங்கலைச் சரிசெய்யாவிட்டால், பிறப்புறுப்புப் பாதையின் மேல் சுவரே பின்னர் இறங்கலாம். லேசான இறக்கத்துக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். ஆனால் மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ உடனே வாருங்கள்.

இதய நோயால் அறுவை சிகிச்சை செய்ய முடியாத ஒரு பாட்டிக்கு, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கும் சிலிக்கோன் வளையம் உள்ளே பொருத்தினேன். அடுத்த முறை வந்தவர், "அது உள்ள இருக்கறதே மறந்துபோச்சும்மா" என்றார். சந்தோஷம்தான் பாட்டி, கழட்டிக் கழுவிப் போட வர வேண்டிய தேதியையும் மறந்துடாதீங்க, உள்ளே புண்ணாயிடும் என்றேன்.