கணினி எதற்காகப் பகடை உருட்டுகிறது?

தரமணியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அண்மையில் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஏபிஐ-க்கான கிளையன்ட் லைப்ரரியில் பிழை கையாளும் பகுதியைச் சீர்செய்யும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கோரிக்கை தோற்றால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி அனுப்புவது என்பதைச் சமவாய்ப்பு எண் ஒன்றை எடுத்து முடிவு செய்யச் சொல்கிறார் சீனியர். துல்லியத்துக்குப் பெயர்பெற்ற கணினி எதற்காகப் பகடை உருட்ட வேண்டும்?"

அடிப்படையை விரைவாகக் கடந்துவிடலாம். கைப்பேசியில் மின்கட்டணம் செலுத்தும்போது, செயலி எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம், மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்பதற்கான வாசலாகிய ஏபிஐ வழியாகக் கோரிக்கை வைக்கிறது. அக்கோரிக்கையை முறைப்படி அமைத்து அனுப்பி, வரும் விடையைப் பிரித்துக் கொடுக்கும் ஆயத்த நிரல் தொகுப்பே கிளையன்ட் லைப்ரரி. விடையோடு வரும் எச்டிடிபி (இணையத்தில் கோரிக்கையும் விடையும் பரிமாறும் விதிமுறை) குறியீடு 4-இல் தொடங்கினால் பெரும்பாலும் தவறு கேட்டவருடையது. 5-இல் தொடங்கினால் சர்வருடையது. 400, 401, 404 போன்றவற்றுக்கு அதே கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் அதே விடைதான் வரும் என்பதால், லைப்ரரி உடனே நின்று, எங்கே பிழை என்பதை நிரலாளருக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்னும் 429, இப்போது சேவை இல்லை என்னும் 503, பாதியில் அறுந்த இணைப்பு ஆகியவை வேறு வகை. சற்றுப் பொறுத்துக் கேட்டால் இவை சரியாகிவிடக்கூடும்.

பொறுக்காமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அங்கிருந்து 400 கஜத் தொலைவில் இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் சென்றுகொண்டிருந்த தரவு, விநாடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி எதுவும் அறுபடவில்லை. விடை வரத் தாமதமானதுமே பொட்டலம், அதாவது அனுப்பிய தரவுத் துண்டு, தொலைந்துவிட்டதாக முடிவுகட்டிய கணினிகள், அதையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைத் தாங்களே பெருக்கிக்கொண்டன. கணினி வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-இல் இதை ஆராய்ந்து எழுதினார்; அவர் முன்வைத்த திருத்தங்களின் வழிவந்தவை இணையத்தில் தரவு தொலையாமல் சேர்வதைக் கவனிக்கும் விதிமுறையான இன்றைய டிசிபி-யிலும் இருக்கின்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் காத்திருப்பை 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டிப்பாக்குவது இன்று பல லைப்ரரிகளில் காணப்படும் வழக்கம்.

இரட்டிப்பு மட்டும் போதாது என்பதில்தான் இந்தத் துறையின் அழகே இருக்கிறது. தட்கல் முன்பதிவு திறக்கும் காலை 10 மணி போன்ற ஒரு நொடியை எண்ணிக்கொள்ளுங்கள். 10,000 செயலிகள் ஒரே கணத்தில் கோரிக்கை அனுப்புகின்றன. விநாடிக்கு 1,500 கோரிக்கைகளை மட்டுமே தாங்கக்கூடிய சர்வர் திணறி, எல்லோரையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செயலிகளும் ஒரு விநாடி காத்திருக்கின்றன. பிறகு எல்லாமே ஒன்றாகத் திரும்பி வருகின்றன. மறுபடி திணறல். அடுத்து 2 விநாடி, மறுபடி 10,000 பேர். இடையில் சர்வர் சும்மா இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. படையெடுப்புகளுக்கு இடையே காலம் கூடுகிறதே தவிர, படையின் அளவு குறையவில்லை. ரங்கநாதன் தெருவில் எதிரெதிரே வரும் இருவர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கி, உடனே மறுபக்கமும் சேர்ந்தே ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே விதியைப் பின்பற்றினால், அந்த விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முட்டல் தீராது. ஒரே லைப்ரரியின் ஒரே நிரலை ஓட்டும் பத்தாயிரம் கைப்பேசிகளின் நிலையும் அதுவே.

இப்போது பகடையைக் கொண்டு வாருங்கள். சரியாக 8 விநாடி காத்திரு என்பதற்குப் பதிலாக, 0 முதல் 8 விநாடிக்குள் ஏதேனும் ஒரு கணத்தைத் தேர்ந்துகொள் என்று ஒவ்வொரு செயலியிடமும் சொன்னால், 10,000 கோரிக்கைகள் விநாடிக்குச் சராசரியாக 1,250 என்று பரவிவிடுகின்றன. சராசரிதானே, ஒரு விநாடியில் தற்செயலாக எல்லாம் குவிந்துவிடாதா என்று கேட்கலாம். பள்ளியில் படித்த திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 33 வருகிறது. ஆகவே 1,500-ஐத் தாண்டும் வாய்ப்பை அச்சமின்றி மறந்துவிடலாம். வரிசையில் நிறுத்த ஆளில்லை, டோக்கன் இல்லை, செயலிகள் ஒன்றோடொன்று ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் ஒழுங்கு பிறந்துவிட்டது. ஒழுங்கின்மையைத் தூவி ஒழுங்கைப் பெறும் இந்த உத்தியை நிரலாளர்கள் ஜிட்டர் என்கிறார்கள். 8 விநாடியோடு சிறிதளவு மட்டும் கூட்டிக் குறைத்தால் போதாதா என்று வாசகர் நினைக்கக்கூடும். அப்படிச் செய்தால் கூட்டம் அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே நெருக்கியடிக்கும். முழு நீளத்திலும் குலுக்குவதே சிறந்தது.

இந்த உத்தியின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. 1971-இல் நார்மன் அப்ராம்சன் குழுவினர் அங்கே அலோகாநெட் என்னும் வானொலி வலையமைப்பை இயக்கினார்கள். பல முனையங்கள் ஒரே அலைவரிசையில் பேசியதால் செய்திகள் மோதிச் சிதைந்தன. மோதியவை சமவாய்ப்பான நேரம் காத்திருந்து மறுபடி பேசின. அதைப் படித்த ராபர்ட் மெட்காஃப், 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில், கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது, ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் குலுக்கும் எல்லையை இரட்டிப்பாக்கும் முறையைச் சேர்த்தார். பிற்பாடு வந்த ஈதர்நெட் தரம், பத்தாவது இரட்டிப்போடு எல்லையை நிறுத்தி, 16 முயற்சிகளுக்குப் பின் கைவிடச் சொன்னது. அலோகாநெட்டுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பு பணம் கொடுத்தது. உடனடிப் பயன் என்ன என்று மட்டும் கேட்டிருந்தால் தீவுகளுக்கிடையிலான அந்த வானொலிச் சோதனை நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆராய்ச்சிக்காக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூடச் செலவிடாத நம் நாட்டில், இதைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயுத பூசையன்று சர்வர் பெட்டிக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதனால் யாருக்கும் கேடில்லை. காரணம் கேட்காமல் எல்லா நிரலிலும் மூன்று மறுமுயற்சி என்று எழுதிவைப்பதுதான் கேடு விளைவிக்கும் மூடநம்பிக்கை. செயலி, இடைநிலைச் சேவை, தரவுத்தள லைப்ரரி ஆகிய மூன்று அடுக்குகளும் தனித்தனியே மூன்று முறை மறுபடி முயன்றால், முதல் முயற்சியையும் சேர்த்து 4 × 4 × 4, அதாவது ஒரே ஒரு சொடுக்குக்கு 64 கோரிக்கைகள் தரவுத்தளத்தின் மேல் விழும். எந்த அடுக்கு மறுமுயற்சி செய்யும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற அடுக்குகளில் அதை நீக்கிவிட வேண்டும்.

பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கைகளில் இன்னொரு கவனம் தேவை. கட்டணம் கழிக்கப்பட்ட பின், விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதை அறியாமல் மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பணம் போகும். ஆகவே ஸ்டிரைப் போன்ற கட்டணச் சேவைகள், ஒவ்வொரு செயலுக்கும் தனித்துவமான ஓர் அடையாளச் சாவியைக் கோரிக்கையோடு அனுப்ப வழிசெய்கின்றன. அதே சாவி மறுபடி வந்தால் சர்வர் புதிதாகக் கழிக்காமல் பழைய விடையையே தரும். இங்கும் பகடைதான்: சாவியாகப் பெரிதும் பயன்படும் நான்காம் வகை யுயுஐடி என்னும் 128 பிட் அடையாள எண்ணில் 122 பிட்டுகள் சமவாய்ப்பாக எடுக்கப்படுகின்றன. வாசகர் தம் லைப்ரரியில் முதலில் தேட வேண்டிய பிழை இதில் இருக்கிறது. சாவியை உருவாக்கும் வரி மறுமுயற்சிச் சுழலுக்கு (லூப்) உள்ளே இருந்தால், ஒவ்வொரு முறையும் புதுச் சாவி பிறந்து, பாதுகாப்பே பொருளற்றுப் போகும். அது சுழலுக்கு வெளியே, முதல் முயற்சிக்கு முன்பே இருக்க வேண்டும்.

சில சர்வர்கள் 429 அல்லது 503-உடன் ரீட்ரை ஆஃப்டர் என்னும் தலைப்பில், 30 விநாடி கழித்து வாருங்கள் என்று தாமே நேரம் குறித்துக் கொடுக்கும். லைப்ரரி அந்த நேரத்துக்கு முன்னால் போகவே கூடாது. ஆனால் அதே 30 மற்றவர்களுக்கும் சொல்லப்பட்டிருக்கும் என்பதால், அதன்மேலும் சில விநாடிகளைக் குலுக்கிக் கூட்டிக்கொள்வது நல்லது.