மோஜிபாகே: எழுத்துத் திரிபா, எழுத்துச் சிதைவா?

லினக்ஸ் கணினியில் தட்டிய உறுப்பினர் பட்டியல் ஒன்றை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) நண்பருக்கு அனுப்பினேன். அவர் விண்டோஸில், எக்செலில் திறந்துவிட்டு, "என்னங்க, ஃபைல் கெட்டுப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தால் ஒரு தமிழ்ப் பெயரைக்கூடக் காணோம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி சாய்கோட்டு 'ஏ'. பட்டியல் முழுக்க இதே கூத்து.

இதற்குப் பல நாடுகளிலும் வழங்கும் பெயர் மோஜிபாகே. ஜப்பானியச் சொல். 'மோஜி' என்றால் எழுத்து. 'பாகே', உருமாறுதல் என்று பொருள்படும் 'பாகேரு' என்ற வினையிலிருந்து வந்தது. அவர்கள் பேயை 'ஒபாகே' என்பதும் இதே வினையை வைத்துத்தான். சொல் அங்கே பிறந்ததில் வியப்பில்லை. மின்னஞ்சலுக்கு ஜிஸ், வீட்டுக் கணினிக்கு ஷிஃப்ட்-ஜிஸ், யுனிக்ஸுக்கு ஈயூசி என்று ஒரே மொழிக்கு மூன்று குறிமுறைகள், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகள், ஒரே காலத்தில் புழங்கின. ஜெர்மானியர் இதை 'எழுத்து சாலட்' என்கிறார்கள். நம் ஊரில் "ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி வருது" என்போம். ருசியில் நாம் ஒரு படி மேல்.

சரி, எழுதும்போது என்ன சொல்வது? 'எழுத்துச் சிதைவு' என்று சொல்லத்தான் முதலில் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் கோப்பில் எதுவும் சிதையவில்லை. என் கோப்பு இருந்த குறிமுறை யூடிஎஃப்-8. அதில் 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்கள் (பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்). மூன்றும் சேர்ந்து ஓர் எழுத்து என்று தெரியாத மென்பொருள், ஒவ்வொன்றையும் தனி எழுத்தாக விண்டோஸ்-1252 என்ற, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறிமுறை அட்டவணையில் தேடுகிறது. அங்கே 224 சாய்கோட்டு 'ஏ', 174 வட்டத்துக்குள் 'ஆர்', 133 முப்புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகள் அத்தனைக்கும் முதல் பைட் 224தான். அதனால்தான் திரை நிறைய அந்தச் சாய்கோட்டு 'ஏ'.

ஆக, பிழை கோப்பில் இல்லை, படிப்பதில் இருக்கிறது. இப்படி ஒன்றை வேறொன்றாக எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் பழைய சொல்லே உண்டு. இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று எண்ணுவதை மணிமேகலை 'திரியக் கோடல்' என்கிறது. அதனால் என் கட்சி 'எழுத்துத் திரிபு'. புணர்ச்சி விகாரத்தில் வரும் திரிதல் நினைவுக்கு வந்தாலும் குழப்பம் இராது. 'எழுத்து மயக்கம்' காதுக்கு இனிமைதான், ஆனால் மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

கட்டம் கட்டமாகத் தெரிவது திரிபு அல்ல, எழுத்துரு இல்லாத குறை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த 'அம்மா' வேறு கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிவதும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். அந்தக் கோப்பில் நிஜமாகவே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு தமிழ் வேடம் கட்டுகிறது. அதற்குக் குறிமுறையை மாற்றித் தரும் மென்பொருள் வேண்டும்.

திரிபைத் தீர்க்க எதையும் மாற்ற வேண்டாம், சரியாகப் படிக்கச் சொன்னால் போதும். எக்செலில் கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்காமல், 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போய், 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் யூடிஎஃப்-8. அனுப்புகிறவர் கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற அடையாள பைட்களைச் சேர்த்துவிட்டால் எக்செல் தானே புரிந்துகொள்ளும்.

ஆனால் திரிந்த கோலத்திலேயே சேமித்துவிட்டால் நிஜமான சிதைவு தொடங்கலாம். விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் மெய்ப்புள்ளியின் கடைசி பைட் 141; உகரக் குறியின் கடைசி பைட் 129. சில மென்பொருள்கள் காலி இடத்தில் கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துவிடும். அப்புறம் எப்படித் திறந்தாலும் 'முத்து'வின் புள்ளியும் வராது, உகரமும் வராது. நல்லவேளை, நண்பர் சேமிக்காமல் மூடியிருந்தார்.