லியோமயோமா: வரியற்ற தசைக் கழலை

உணவுக்குழாய் பற்றிய மருத்துவ அறிக்கையில் காணப்படும் 'லியோமயோமா' புற்றுநோயைக் குறிக்கும் சொல் அன்று. 'கார்சினோமா', 'சார்கோமா' என்னும் புற்றுநோய்ப் பெயர்களின் ஈற்றில் உள்ள 'ஓமா' இதிலும் இருப்பதால் நோயாளி அஞ்சுவது இயல்பே. ஆனால் கிரேக்க வழிவந்த அந்த விகுதிக்குக் கட்டி என்பதற்கு மேல் பொருள் இல்லை. 'லியோஸ்' வழுவழுப்பு, 'மிஸ்' தசை. உணவுக்குழாய்ச் சுவரின் வரியற்ற தசையில் தோன்றும் தீங்கற்ற கட்டியே இது. குழாயின் மேற்பகுதி பெரும்பாலும் வரித்தசையால் ஆனதால், நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமே இதை மிகுதியாகக் காண்கிறோம். உணவுக்குழாய்க் கட்டிகளில் தீங்கற்றவை மிக அரிது. அவற்றுள் பெரும்பங்கு இதற்கே உரியது.

இதனை 'மென்தசைக் கட்டி' என்று எழுதுவது எனக்கு உடன்பாடன்று. நுண்ணோக்கியில் குறுக்குவரிகள் தெரியாமையே இத்தசையின் அடையாளம், மென்மை அன்று. கட்டியோ ரப்பரைப் போல் கெட்டியானது. பாடநூல்கள் பழக்கிய 'வரியற்ற தசை'யோடு 'கழலை' என்னும் நம் பழஞ்சொல்லைச் சேர்த்து 'வரியற்ற தசைக் கழலை' என்பதே பொருந்தும்.

இதற்கான அறுவையின் பெயர் 'இனூக்ளியேஷன்'. கொட்டையின் பருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அதற்கு 'உரித்தெடுப்பு' என்பது நேரான தமிழ். 'குடைந்தெடுப்பு' என்றால் குழாயையே குடைவதாகத் தொனிக்கும். 1933ஆம் ஆண்டு ஜப்பானிய அறுவை மருத்துவர் ஓசாவா மார்பைத் திறந்து இதனைச் செய்தார்; இன்று மார்புத் துளைகள் வழியே கேமரா செலுத்தியும் செய்கிறார்கள். உணவுக்குழாயை ஒட்டிச் செல்லும் வேகஸ் நரம்பைக் காத்து, தசை இழைகளை நீளவாக்கில் விலக்கி, உள்ளிருக்கும் சளிச்சவ்வு கிழியாமல் கட்டியை மெல்லப் பிரித்தெடுப்பார்கள். பிறகு குழாயைத் தண்ணீரில் மூழ்கச்செய்து உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். குமிழி எழுந்தால் சவ்வில் ஓட்டை உண்டு என்று பொருள், அதை உடனே தைத்துவிட வேண்டும். விலக்கிய தசையையும் மீண்டும் இணைக்க வேண்டும், இல்லையேல் சவ்வு அவ்விடத்தில் பிதுங்கும்.

இதனாலேயே, லியோமயோமா என்று ஐயுற்றால் எண்டோஸ்கோபி வழியே சதைத்துணுக்கு எடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். துணுக்கு எடுத்த இடத்தின் தழும்பு சவ்வைக் கட்டியோடு ஒட்டவைத்து உரித்தெடுப்பைக் கடினமாக்கும். தொல்லை தராத சிறு கட்டியைக் கண்காணித்தாலே போதும். விழுங்க இயலாமை, வலி, தொடர்ந்த வளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால்தான் பெரும்பாலும் அறுவை. மிகப் பெரிதாகிக் குழாயைச் சுற்றி வளைத்த கட்டிக்கு உரித்தெடுப்பு இயலாமற்போகலாம். அப்போது செய்யப்படுவது 'உணவுக்குழாய் நீக்கம்' என்னும் பெரிய அறுவை.